காந்தம் ஒட்டிய டம்ளர்

நிலாவில் முதன்முதலாக இட்லி அவித்தவள் நான்தான். அந்த இட்லியால் ஒரு பைப் ஜாயின்ட் இரண்டு தடவை விரிசல் விட்டதற்கும் நான்தான் காரணம். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். முதலாவதை மட்டும் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. எங்கள் சமையல்காரர் துளசிராமன் வேண்டுமானால் அப்படித் திரிவார்.

என் பெயர் பிலோமினா. திருவெறும்பூர்க்காரி. பதினெட்டு வயதில் வெல்டிங் பிடித்தேன், இருபது வருடமாக விடவில்லை. நிலாவுக்கு வெல்டர் வேண்டும் என்று ஆள் எடுத்தபோது, என் வீட்டுக்காரர் பிரகாசம்தான் விண்ணப்பத்தை நிரப்பினார். தேர்வாகிவிட்டேன் என்று தெரிந்ததும் முதலில் அழுததும் அவர்தான்.

தென்குடி என்று நாங்களாகவே பெயர் வைத்துக்கொண்ட குடியிருப்பில் இருபத்து நான்கு பேர் இருந்தோம். நிலாவின் தென்முனையில், சூரியன் எட்டிப் பார்க்காத ஒரு பெரும் பள்ளத்தின் விளிம்பில் அது இருக்கிறது. பள்ளத்துக்குள் பனிக்கட்டி. அதை உருக்கிப் பதினொரு கிலோமீட்டர் பைப்பில் குடியிருப்புத் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டும். தண்ணீர் வந்துவிட்டால் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு அடுத்த கப்பல் கிளம்பும். பிரகாசமும் எட்டு வயது மகள் செலினும் அதில் வருவதாக ஏற்பாடு. தண்ணீர் வராவிட்டால் அதே கப்பல் காலியாக வந்து எங்களை அள்ளிக்கொண்டு ஊர் திரும்பும். கம்பெனி ஒரு தேதி கொடுத்திருந்தது. நான் சொல்கிற இட்லி சமாச்சாரம் நடந்தபோது அந்தத் தேதிக்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் பாக்கி.

பதினொரு கிலோமீட்டர் பைப்பும் நிலா மண்ணிலிருந்து உருக்கி எடுத்த எஃகு. வெளியே யந்திரங்கள் அதை ஒட்டின. அறுநூறு ஜாயின்டில் ஒன்றுகூடச் சொதப்பவில்லை. வெளியேதான் காற்றும் இல்லை, ஈரமும் இல்லையே. கடைசி ஜாயின்ட் மட்டும் குடியிருப்புக்குள்ளே, தொட்டியின் அடியில் வருகிறது. அங்கே நிலா எஃகை, பூமியிலிருந்து வந்த தொட்டியின் எவர்சில்வர் பைப்போடு சேர்க்க வேண்டும். இடுக்கான இடம், யந்திரம் நுழையாது. அந்த ஒன்றுக்காகத்தான் என்னை அழைத்து வந்திருந்தார்கள்.

வந்த முதல் வாரமே கமருன்னிசா என்னை உட்காரவைத்து விளக்கிவிட்டாள். வாணியம்பாடிப் பெண். உலோகம் படித்தவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஆனால் விளக்கத் தொடங்கினால் டீச்சர் தோற்றுப்போவார்.

"அக்கா, இந்த நிலா எஃகு பொறந்ததுலேர்ந்து தண்ணியே பாத்ததில்ல. சூடு பண்ணி ஆற வெச்சா அதோட ஓரம் கண்ணாடி மாதிரி இறுகிடும். அப்போ துளி ஈரம் உள்ள போனாலும் போச்சு. ஈரத்துலேர்ந்து ஹைட்ரஜன் பிரிஞ்சு உள்ளயே உக்காந்துக்கும். உடனே ஒண்ணும் பண்ணாது. ஒரு நாள், ஒன்றரை நாள் கழிச்சு, டிக்னு உடைக்கும்."

"அந்தப் பக்கம் இருக்கிற நம்ம எவர்சில்வரு?"

"அது வேற குணம். சூட்டுல ஜாஸ்தி விரியும், ஆறும்போது ஜாஸ்தி சுருங்கும். அது இழுக்கும், இது குடுக்காது. அதனால நடுவுல நிக்கல் நெறைய இருக்கிற வெல்டிங் ராட உருக்கி ஒரு மெத்தை போடணும். ரெண்டு பக்கத்துக்கும் அது வளைஞ்சு குடுக்கும். ஹைட்ரஜனையும் முழுங்கி வெச்சுக்கும்."

இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஊரில் இதற்கு 'பட்டரிங்' என்போம், ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற மாதிரி. ஆனாலும் கேட்டுக்கொண்டேன். அவள் சொல்லும்போது நன்றாக இருந்தது.

இந்த ஒரு ஜாயின்டுக்காக மூன்று மாதம் எங்கள் மொத்தக் குடியிருப்பையும் காய வைத்தார்கள். எல்லா அறைக்கும் ஒரே காற்று. அதில் ஈரம் எட்டு சதவீதத்தைத் தாண்டக்கூடாது. குளியல் கிடையாது, துணியால் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். கொதிக்க வைக்கக்கூடாது, பசை மாதிரி ஒன்றைக் குழாயிலிருந்து பிதுக்கித் தின்ன வேண்டும். இரும்பு வெடிக்கக்கூடாது என்று எங்கள் உதடும் குதிகாலும் வெடித்தன. வீட்டுக்குப் பேசிவிட்டு யாராவது கண் கலங்கினால், "மீட்டர் ஏறுது, நிறுத்து" என்று கிண்டல் செய்வோம். அந்தக் கிண்டலில்தான் மூன்று மாதம் ஓடியது. பைத்தியம் பிடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

அந்த நேரத்தில்தான் செலினுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள், வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டில் இட்லியும் கோழிக்குழம்பும். அவர்கள் சாப்பிடும் அதே நேரத்தில் நானும் இங்கே இட்லி சாப்பிட வேண்டும் என்று ஓர் ஆசை. பெற்றவள் ஆசை, அதில் என்ன நியாயம் வேண்டிக் கிடக்கிறது. துளசிராமனிடம் அரிசி மாவும் உளுந்து மாவும் இருந்தன, தட்டும் இருந்தது. மதுரைக்காரர், இட்லித் தட்டு இல்லாமல் எங்கும் போகமாட்டார். ஆனால் கரைத்து வைத்த மாவு இரண்டு நாளாகியும் புளிக்கவில்லை. குடியிருப்பில் அவ்வளவு குளிர்.

மொத்த தென்குடியிலும் கதகதப்பான இடம் ஒன்றே ஒன்றுதான். என் வெல்டிங் ராடுகளை வைத்திருக்கும் ஓவன். ராடின் மேல்பூச்சு ஈரத்தை இழுக்கும் என்பதால் அவற்றை எப்போதும் நூற்றிருபது டிகிரியில் வைத்திருப்போம். அதை முப்பத்தைந்துக்கு இறக்கினேன். ராடுகளை ஒரு பக்கம் ஒதுக்கினேன். மாவுச் சட்டியை உள்ளே வைத்து மூடினேன். பன்னிரண்டு மணி நேரம். ஊரில் எந்த வெல்டர்தான் ராடு ஓவனில் சாப்பாட்டுக் கேரியரைச் சூடு பண்ணாமல் இருந்தான் என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மாவு சட்டியைத் தாண்டிப் பொங்கிவிட்டது. நிலாவில் எடை குறைவு, அதனால் இட்லி பந்து மாதிரி எழும்பியது. மூடிய குக்கரில் நான் அவிக்க, ஆவியைக் குழாய் வைத்துப் பிடித்துவிட்டார் துளசி. ஆவி விஷயத்தில் அத்தனை ஜாக்கிரதை நாங்கள். ஆளுக்கு இரண்டு. எங்கள் மேலாளர் இசக்கியப்பன் அண்ணாச்சி மட்டும் ஆறு. திரையில் வெள்ளை உடுப்பும் பூ முடியுமாக உட்கார்ந்திருந்த செலின், "அம்மா, உன் இட்லி என்ன இப்படி குண்டா இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தாள். அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை மறைக்க முடியாது. மறைக்கவும் மாட்டேன்.

மறுநாள் ஓவனை நூற்றிருபதுக்கு ஏற்றிவிட்டு ஜாயின்டைப் போட்டேன். அழகான ஜாயின்ட், மீன் செதில் அடுக்கிய மாதிரி. முப்பத்தோரு மணி நேரம் கழித்து, நாங்கள் பசை பிதுக்கிக்கொண்டிருந்தபோது, தொட்டிப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. டிக். கமருன் கையிலிருந்த குழாயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வெட்டி எடுத்து மறுபடி போட்டேன். இருபத்தெட்டு மணி நேரத்தில் மறுபடி டிக்.

மூன்றாம் தடவைக்கு ராடு எடுக்க ஓவனைத் திறந்தேன். நான்கே ராடு மிச்சம். அவற்றை எடுத்தபோதுதான் ஓவனின் அடித்தட்டில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். காய்ந்த இட்லி மாவு. பொங்கிய மாவின் ஈரத்தைப் பன்னிரண்டு மணி நேரம் ராடுகள் குடித்திருக்கின்றன. பூச்சுக்குள் போன ஈரம் நூற்றிருபதில் போகாது, முந்நூற்றைம்பதில் சுட வேண்டும். முதல் வருடப் பையனுக்குத் தெரிந்த சங்கதி. இருபது வருட சர்வீஸ்காரி கோட்டை விட்டிருக்கிறேன்.

யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். நான்கு ராடு வைத்து என்ன செய்ய முடியும், எப்படியும் கப்பல் ஏறப் போகிறோம், எதற்கு வம்பு என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு அத்தனை பேரின் வெடித்த உதடுகளும் நினைவுக்கு வந்தன. எல்லோரையும் கூப்பிட்டேன்.

"ஜாயின்ட் உடைஞ்சதுக்குக் காரணம் எஃகு இல்ல. நான்தான். புதுநன்மைக்கு மாவு புளிக்கணும்னு ராடு ஓவன்ல சட்டிய வெச்சேன். ராடெல்லாம் நமுத்துப் போச்சு. என் பிள்ளைக்காக உங்க எல்லார் வீட்டு ஆளுங்க வர்றதையும் கெடுத்துட்டேன்."

இசக்கியப்பன் அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். நாங்குநேரிக்காரர். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும்.

"ஓவன் சூடு கொறஞ்சது அன்னைக்கே என் ஸ்கிரீன்ல மஞ்ச லைட்டா வந்துட்டு, பிலோமினாம்மா. நான் பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். என்னன்னு கேக்கணும்னுதான் எந்திச்சு வந்தேன். வந்தா மாவு வாசம் அடிக்கி. மூணு மாசம் களிச்சு மாவு வாசம். சரி, இட்லி ஆன பொறவு கேப்போம்னு போயிட்டேன். பொறவு ஆறு இட்லி தின்னுட்டேன். எந்த வாய வெச்சுக் கேக்க?"

துளசிராமன்தான் முதலில் சிரித்தார். பிறகு அடக்க முடியவில்லை யாராலும். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். மீட்டர் ஏறுது என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சிரித்து முடித்த பிறகும் பிரச்சினை அப்படியே இருந்தது. மிச்சமிருந்த நான்கு ராடு போதாது, வேறு நிக்கல் வேண்டும். தொட்டிப் பைப்பை இரண்டு தடவை வெட்டியதில் அது ஏற்கனவே குட்டையாகிவிட்டது, இனி ஓர் அங்குலம் எடுக்க முடியாது. மற்ற சாமான்கள் எல்லாம் அலுமினியமும் டைட்டானியமும். துளசி எல்லோருக்கும் அளவுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தார். அவரவர் பாத்திரத்தை அவரவர் நீட்டினோம். சொந்தச் சாமான் ஆளுக்கு இரண்டு கிலோ கொண்டுவரலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. பாதிப் பேருக்கு மேல் எவர்சில்வர் கொண்டுவந்திருந்தோம். கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் கோப்பையில் குடித்தால் தாகம் அடங்குவதில்லை.

என் டம்ளரில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கேட்டேன். "கமரு, எவர்சில்வர்ல நிக்கல் உண்டுல்ல?"

"எட்டு சதவீதம். பத்தாதுக்கா. நிலா எஃகு மேல போட்டதும் பாதி கலந்து நீத்துப்போயிடும்."

"முதல் அடுக்குல பாதி கலக்கும். அது மேல ரெண்டாவது போட்டா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "கால்வாசி."

"மூணாவது?"

"மூணாவதுல ஏறக்குறைய சுத்த எவர்சில்வர்." எழுந்தே விட்டாள். "பாத்திரத்தக் கீத்துக் கீத்தா வெட்டி ஆர்கான் வெல்டிங்ல போட்டா மேல்பூச்சே கிடையாது. பூச்சு இல்லன்னா ஈரமும் இல்ல. முதல் அடுக்குதான் ஆபத்து. அத ரொம்ப மெதுவா ஆற வைக்கணும். அக்கா, மூணு கிலோ வேணும்."

கம்பெனி அனுமதித்த உலோகப் பட்டியலில் இட்லித் தட்டு இல்லை. அண்ணாச்சி இரண்டு நிமிடம் யோசித்தார். "நான் கையெழுத்துப் போடுதேன்" என்றார்.

எல்லா எவர்சில்வரிலும் நிக்கல் இருக்காது. மட்டச் சரக்கில் காந்தம் ஒட்டும், நல்லதில் ஒட்டாது. அதனால் மேசையில் பாத்திரங்களை வரிசையாக வைத்து, கமருன் ஒரு காந்தத்தோடு நின்றாள். பெண் பார்க்கிற வீடு மாதிரி கூட்டம். நம் ஊர் வழக்கப்படி எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருந்தது. 'துளசிராமன் – மீராபாய்' இட்லித் தட்டு நான்கும் தேறின. 'ம. கமருன்னிசா' சொம்பு தேறியது. அவள் அம்மா கொடுத்தது, அதை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு வைத்தாள். அண்ணாச்சி ஒரு தூக்குவாளியைத் தயங்கித் தயங்கி நீட்டினார். ஆறாம் வகுப்பு ஓட்டப்பந்தயத்தில் முதல் பரிசாக வாங்கியது என்று நூறு தடவை சொல்லியிருக்கிறார். கமருன் மூடியைத் திருப்பி வாசித்தாள். "மூன்றாம் பரிசு, மு. இசக்கியப்பன்." அண்ணாச்சி கூரையைப் பார்த்தார். ஆனால் வாளி அசல், காந்தம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

கடைசியில் என் டம்ளர். கல்யாணம் முடிந்த மறுவாரம் பிரகாசம் வாங்கிக் கொடுத்தது. 'பிரகாசம் – பிலோமினா' என்று நல்ல எழுத்தில் வெட்டியிருக்கும். கமருன் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனாள். டப்பென்று ஒட்டிக்கொண்டது. மறுபக்கம் வைத்தாள். அங்கும் டப்.

பூமிக்குப் போன் போட்டேன். நாம் பேசி, பதில் வர இரண்டரை விநாடி ஆகும்.

"என்னங்க, நீங்க வாங்கிக் குடுத்த டம்ளர்ல காந்தம் ஒட்டுது."

இரண்டரை விநாடி போனது. ஐந்து போனது. பத்து.

"லைன் கட்டாயிடுச்சா?"

"இல்ல பிலோ," என்றார். "பளபளன்னு இருந்துச்சு. வாங்கிட்டேன்."

பின்னால் இருபத்து மூன்று பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான். ஆனால் உள்ளே ஒன்று சுருக்கென்றது. பாத்திரம் கொடுத்த அத்தனை பேர் பெயரும் அந்த ஜாயின்டுக்குள் போகப்போகிறது, கெடுத்த என் பெயர் மட்டும் போகாது.

தேறிய மூன்று கிலோவையும் கீற்றுகளாக வெட்டினோம். நிலா எஃகின் ஓரத்தை இருநூற்றைம்பது டிகிரிக்குச் சூடாக்கி, முதல் அடுக்கை மெலிதாக, எறும்பு ஊர்கிற வேகத்தில் போட்டேன். போட்டதும் நிலாத் தூசியைக் கொட்டிப் புதைத்தோம். அதைப்போல் சூட்டைக் காக்கிற கம்பளி கிடையாது. அந்தத் தூசியை முன்கூட்டியே ஈரம் போகச் சுட்டெடுத்திருந்தோம், அதே ஓவனில். ஓவன் வாசலில் அண்ணாச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். துளசியை மட்டும் பக்கத்திலேயே விடவில்லை. இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு, பிறகு இரண்டு பைப்பையும் சேர்த்தது. மொத்தம் பத்தொன்பது மணி நேரம் நான் வேலை பார்த்தேன். கீற்றில் இருந்த எழுத்துக்கள் ஒவ்வொன்றாக உருகுவது கண்ணாடி வழியே தெரிந்தது. 'மீரா' போனது, 'கமருன்' போனாள், 'மூன்றாம் பரிசு' போனது.

அடுத்த நாற்பத்தெட்டு மணி நேரம் யாரும் உரக்கப் பேசவில்லை. ஸ்பூன் விழுந்தால்கூட எல்லோரும் தொட்டிப் பக்கம் திரும்புவோம். நேரம் முடிந்ததும் கமருன் தூசியை விலக்கி, ஒலி வைத்துச் சோதிக்கும் கருவியை ஜாயின்ட் முழுக்க இரண்டு சுற்று ஓட்டினாள். மூன்றாம் சுற்றும் ஓட்டினாள். பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கம்பெனிப் படிவத்தில், ஜாயின்டில் உருக்கிப் போட்ட உலோகத்தின் தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண் என்று இரண்டு கட்டம் இருக்கும். அண்ணாச்சி பாத்திரத்தில் இருந்த பெயர்களை அப்படியே எழுதினார், மூன்றாம் பரிசு உட்பட. விரிசலுக்குக் காரணம் என்ற கட்டத்தில் 'இட்லி' என்று எழுதினார். இரண்டு நாள் கழித்து அனுமதி வந்தது. கூடவே ஒரு கேள்வி: பட்டியலில் வெல்டரின் பெயர் ஏன் இல்லை?

அண்ணாச்சி அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, என் டம்ளரைக் கேட்டார். ஒரு காந்தத்தை எடுத்து நிலா எஃகுப் பைப்பில், ஜாயின்டுக்கு ஒரு சாண் தள்ளி ஒட்டினார். அதன் மேல் டம்ளரை வைத்தார். டப்பென்று ஒட்டித் தொங்கியது, பெயர் தெரிகிற மாதிரி.

"உள்ள இல்லன்னா என்ன. வெளிய தொங்கட்டும்."

மறுநாள், கம்பெனி கொடுத்த தேதிக்கு ஒரு நாள் முன்னால், தண்ணீர் வந்தது. தென்குடியில் மிச்சமிருந்த ஒரே எவர்சில்வர் பாத்திரம் என் டம்ளர்தான். இருபத்து நான்கு பேரும் அதிலேயே குடித்தோம். துளசி இரண்டு தடவை வரிசையில் வந்தார். அன்றைக்கு எல்லோரும் தலைக்குக் குளித்தோம், சத்தமாகப் பாடிக்கொண்டு.

ஐந்து மாதம் கழித்துக் கப்பல் வந்தது. கதவு திறந்ததும் செலின் தத்தித் தத்திப் பறந்து வந்து என் மேல் விழுந்தாள். பின்னால் பிரகாசம், குற்றவாளி மாதிரி. அவருடைய இரண்டு கிலோவில் சட்டை இல்லை, போட்டோ இல்லை. ஒரு மூட்டை நிறைய எவர்சில்வர் டம்ளர். ஆளுக்கு ஒன்று, பெயர் வெட்டி. கடையில் ஒவ்வொன்றிலும் காந்தம் வைத்துப் பார்த்து வாங்கினாராம்.

நான் நம்புவேனா. கமருனிடம் இன்னொரு காந்தத்தை வாங்கி ஒவ்வொன்றாகச் சோதித்தேன். இருபத்து மூன்றிலும் ஒட்டவில்லை. கடைசியாக ஒரு சின்ன டம்ளர். டப்.

"திரும்பவும் ஏமாந்துட்டு வந்தீங்களா?"

"அது கேட்டு வாங்குனது," என்றார். "ஒட்டுறதா ஒண்ணு குடுங்கன்னேன். கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பாத்தான்."

திருப்பிப் பார்த்தேன். 'செலின்' என்று வெட்டியிருந்தது. அவள் அதைக் காந்தத்தோடு பிடுங்கிக்கொண்டு ஒரே எம்பில் பைப்பிடம் போய், என் டம்ளருக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

"அப்ப உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்குத் தனியா?" என்றார் பிரகாசம். "உன் டம்ளர்ல என் பேரும்தான இருக்கு. தாகமா இருக்கு பிலோ, எடு."